தாயின் குடியைக் கேட்காத கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

உளவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் ஜேம்ஸின் இளமைக்காலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அயர்லாந்தின் கேவன் பகுதியிலிருந்து வந்து, அமெரிக்காவின் அல்பனியில் வியாபாரம் செய்து, 1832இல் கண்மூடும்போது ஏறக்குறைய 30 இலட்சம் டொலர் சொத்து வைத்திருந்த பாட்டனார். 13 வயதில் தீயில் சிக்கி ஒரு காலைப் பறிகொடுத்த தகப்பனார். இரண்டு பேரையும் கண்முன் நிறுத்தியிருந்தார் கட்டுரையாளர். தாய்க்கு மட்டும் அரை வரி. 'மேரி என்பவரை மணந்தார்', அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் இது செல்லாது. மட்டக்களப்பில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. என் அம்மம்மா, வாசலில் புதிதாக யார் வந்து நின்றாலும் செம்பில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "மனே, உங்கட அம்மா எந்த ஊர், என்ன குடி?" என்றுதான் தொடங்குவா. தகப்பன் பெயர் தேநீர் ஆறுவதற்குள் வந்தால் உண்டு. குடி பார்த்து ஆளைத் தள்ளிவைக்கிற பழக்கத்தை நான் மெச்சவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. காரைதீவின் விபுலானந்த அடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள், தகப்பன் சாமித்தம்பியோடு தாய் கண்ணம்மையையும் சொல்லிவிட்டுத்தானே மேலே போகிறார்கள்?

சரி, அந்த மேரி யார்? மேரி ராபர்ட்சன் வால்ஷ். அவருடைய சகோதரர் ஹியூவும் வில்லியமின் தகப்பனார் ஹென்றி ஜேம்ஸும் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த கூட்டாளிகள். அந்தப் பழக்கத்தில்தான் ஹென்றி நியூயோர்க்கில் வால்ஷ் வீட்டுப் படி ஏறினார். 1840இல் கலியாணம் நடந்ததும் பெண் வீட்டிலேதான்; பாதிரியார் இல்லை, நகர மேயர் நடத்திவைத்தார். அப்புறம் மேரியின் தங்கை கேத்தரின். பிள்ளைகளுக்கு அவர் கேட் சின்னம்மா. வில்லியம் பிறந்தது 1842 ஜனவரி 11. மறு ஆண்டு தம்பி ஹென்றியும் பிறந்து, குடும்பம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது இரண்டு கைக்குழந்தைகளோடு இந்தச் சின்னம்மாவும் ஏறினார். பிறகு ஜெனீவா, பாரிஸ், இலண்டன் என்று தகப்பன் பள்ளிக்கூடம் மாற்றிக்கொண்டே போனதைக் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் குடித்தனம் போட்டுப் பிரித்தவர்கள் யார் என்று கேட்கவே இல்லை.

இளைய மகனுக்கு ராபர்ட்சன் என்று பெயர் வைத்தார்கள். மேரியின் தாய் எலிசபெத்தின் பிறந்தவீட்டுப் பெயர் அது. கட்டுரையிலும் அந்தப் பெயர் வருகிறது. எங்கிருந்து வந்தது என்ற பேச்சில்லை. கறாராகப் பார்த்தால் அதுவும் எலிசபெத்துக்குத் தகப்பன்வழியில் வந்த பெயர்தான். அம்மம்மா இருந்திருந்தால், "அவவின்ட தாய் ஆர் மனே?" என்று இன்னும் ஒரு படி மேலே போயிருப்பா.

வாசகி,
களுவாஞ்சிக்குடி