நீதிபோதனை வகுப்பைவிட ஒரு சர்வே ஃபாரம் மேல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் நீதிபோதனை வகுப்பை மறுபடியும் கட்டாயமாக்க வேண்டும் என்று கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளுக்குப் பொதுப்பொறுப்பு குறைந்துவருகிறது என்ற கட்டுரையாளரின் கவலை எனக்கும் உண்டு. மருந்துதான் சரியில்லை. வாரத்துக்கு ஒரு பீரியடு, ஒரு கதை, கதைக்குக் கீழே ஒரு நீதி, பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க். நாங்களும் இதையெல்லாம் படித்துத்தான் வந்தோம். அதில் நல்ல மார்க் வாங்கியவர்கள்தான் இன்று ஒன்வேயில் எதிரே வந்து நம்மையே முறைக்கிறார்கள்.

அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் இருக்கின்றன. 1976-ல் 42-வது திருத்தத்தில் 10 கடமைகள் வந்தன, 2002-ல் இன்னொன்று சேர்ந்தது. பிள்ளைகள் 11 கடமைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். காடு, ஏரி, ஆறுகளைக் காப்பது அதில் ஒன்று. அறிவியல் மனப்பான்மையையும் எதையும் கேட்டு ஆராய்கிற குணத்தையும் வளர்த்துக்கொள்வது இன்னொன்று. அதாவது, விசாரித்துப் பார்ப்பதே குடிமகனின் கடமை என்கிறது சாசனம். நம் பள்ளிகளில் அதிகம் கேள்வி கேட்கிற பையன் வராந்தாவில் நிற்கிறான்.

இப்படி விசாரித்துப் பார்க்கப் பழக்கும் வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் பெங்களூரிலேயே இருக்கிறார்கள். அரசும் இல்லாமல், கட்சியும் இல்லாமல், தனியாக நிற்கும் ஆய்வு நிறுவனங்களைச் சொல்கிறேன். இது ஒன்றும் இறக்குமதிச் சரக்கு இல்லை. கன்னடக் கவிஞர் டி.வி.ஜி. என்கிற டி.வி.குண்டப்பா பொதுவாழ்க்கையைப் பற்றிப் படிக்கவும் பேசவும் பசவனகுடியில் கோகலே பெயரில் 1945-லேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1970-ல் அவருக்குப் பாராட்டு விழா நடத்திப் பண முடிப்பு கொடுத்தார்கள். அதையும் அப்படியே அந்த நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் 1994-ல் சாமுவேல் பால் தொடங்கிய பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர். அகமதாபாத் ஐஐஎம்மின் இயக்குநராக இருந்தவர் அவர். அவரும் சிலரும் சேர்ந்து செய்த காரியம் எளிமையானது. தண்ணீர், மின்சாரம், குப்பை, மனை என்று ஒவ்வொரு துறையைப் பற்றியும் பெங்களூர் மக்களிடம் கேட்டார்கள். போன வேலை முடிந்ததா, லஞ்சம் கேட்டார்களா, எத்தனை முறை அலைந்தீர்கள் என்று கேட்டு, பதில்களைத் தொகுத்து, அந்தத் துறைகளுக்கே ஒரு ரிப்போர்ட் கார்டு போட்டார்கள். முதல் கார்டில் எல்லாத் துறைகளும் கிட்டத்தட்ட ஃபெயில். 1999-லும் 2003-லும் திரும்பப் போட்டபோது நிலைமை தேறியிருந்தது. மார்க் போடுகிற இடத்தில் சாதாரண ஜனங்கள் உட்கார்ந்தார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். அரசுப் பள்ளி ஆசிரியர் நினைத்தாலும் தன் மாணவர்களைக் கார்ப்பரேஷனுக்கு மார்க் போடச் சொல்ல முடியாது. மறுநாளே மேலிடத்திலிருந்து ஃபோன் வரும். தனித்து நிற்பவர்களால்தான் அது முடியும். (அவர்களுக்கும் பணம் எங்கிருந்தோ வரத்தான் வேண்டும், கொடுப்பவர் மனம் கோணாமல் நடக்கும் நிறுவனங்களும் உண்டு. அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.)

இதில் ஒழுக்கம் எங்கே வருகிறது என்று கட்டுரையாளர் கேட்கலாம். எங்கள் அல்சூரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு ஒரு ஆய்வு நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் என் பேத்தி படிக்கும் பள்ளிக்கு வந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஒரு பக்க ஃபாரத்தைக் கொடுத்து, வீடு வீடாகக் கேட்டு வரச் சொன்னார்கள். காவேரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணிக்கு, யார் எழுந்து பிடிக்கிறார்கள், வராத நாளில் என்ன செய்கிறீர்கள். அவ்வளவுதான் கேள்விகள்.

ஒரு பையன் மாடிப்படியில் உட்கார்ந்து ஐந்து ஃபாரங்களைத் தானே நிரப்பிவிட்டான். வாங்கிப் பார்த்த இளைஞர் திட்டவில்லை. "அஞ்சு வீட்லயும் ஒரே நேரத்துல தண்ணி வருதா? மாடி வீட்லயும் கீழ் வீட்லயும்கூடவா?" என்று கேட்டார். பையன் வாயே திறக்கவில்லை. "மத்த பசங்க வெயில்ல அலைஞ்சு வாங்கினதும் இதோட சேர்ந்து பொய்யாயிடும்டா" என்றார். சாயங்காலம் அவன் ஐந்து வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இன்னொன்று. ஒரு வீட்டில் காவேரி லைனிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுகிறோம் என்று பேத்தியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எந்த வீடு என்று கேட்டேன். எங்கள் குழாயில் காற்று மட்டும் வருவதற்கு யார் காரணம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருக்காதா? "சொல்ல மாட்டேன் தாத்தா. பேரை வெளிய சொல்ல மாட்டோம்னு சொல்லிட்டுத்தான் கேட்டோம்" என்று முடித்துவிட்டாள். எத்தனை மிரட்டியும் பலிக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று எந்தக் கதையைச் சொல்லியிருந்தாலும் இந்தப் பிடிவாதம் வந்திருக்காது.

கணக்கு முடிந்ததும் யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. பாடப்புத்தகம் வார்டு கவுன்சிலரிடம் என்கிறது. பெங்களூர் மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. 2025-ல் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு கவுன்சிலரைப் பார்த்தறியாத பிள்ளைகள், கவுன்சிலரின் கடமைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். இது அந்த வகுப்புக்குப் புரிந்தது ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அன்றைக்குத்தான்.

சரி, குறையும் சொல்லவேண்டும். அந்த நிறுவனம் ஃபாரங்களை எடுத்துக்கொண்டு போனது போனதுதான். ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை வந்ததாகக் கேள்வி. பதில் சொன்ன வீடுகளுக்கு ஒரு வரிகூடத் திரும்பி வரவில்லை. கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து சொல்வதும் பாடத்தில் சேர்த்திதானே? பொதுவாகவே இந்த நிறுவனங்களின் கூட்டங்கள், பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஃபீஸ் அதிகம் வாங்கும் பள்ளிகளுக்குத்தான் எளிதாக எட்டுகின்றன. மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று வளரும் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

பழியை அவர்கள் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2009-ல் திறந்த அன்று நாம் எத்தனை பேர் திரண்டோம்! அதே ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது நம்மவர் கூட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. குறள் ஒப்பித்தல் போட்டிக்குப் பரிசு கொடுக்கும் நம் சங்கங்கள், ஏரித் தண்ணீரைச் சோதித்து எழுதிவரும் பிள்ளைகளுக்கும் ஒரு பரிசு வைக்கலாம். ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் தமிழ்ச் சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். ஏரிகளை ஆராயும் ஏட்ரீ போன்ற நிறுவனங்கள் இதே ஊரில்தான் இருக்கின்றன. கூப்பிட்டுப் பார்க்கலாமே.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்கி, பிள்ளைகள் இப்படி எடுக்கும் கணக்குகளைப் போடுங்கள். எங்கள் தெருவின் தண்ணீர்க் கணக்கை என் பேத்தியின் வகுப்பு ஒரு நோட்டில் கன்னடத்தில் தனியாக எழுதிவைத்திருக்கிறது. தாங்கள் சரி என்றால் இந்த வாரமே தமிழில் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர்,
அல்சூர், பெங்களூரு.