வேனில் வைக்க ஒரு தீயணைப்புக் கருவி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சொந்தமாக வேன் வாங்கிவிட்டாய் என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். இங்கே நுவரெலியாவில் இரண்டு கிழமையாக மழை விடவில்லை, மற்றபடி சுகம்.

எந்தத் தீயணைப்புக் கருவி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போன வருசம் றம்பொடை வளைவுகளில் எனக்கு முன்னால் போன வேனின் பொனட்டிலிருந்து புகை கிளம்பியது. என்னிடம் கருவி இருந்தது, ஆனால் டிக்கியில், மரக்கறி மூட்டைகளுக்கு அடியில். இழுத்தெடுத்து, பின்னைக் கழற்றி அமுக்கினால் காற்றுத்தான் வந்தது. உள்ளே பவுடர் இறுகிக் கட்டியாகக் கிடந்திருக்கிறது. ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஆனால் அந்த டிரைவர் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன், ஏபிசி (ABC) என்று போட்ட பவுடர் கருவியே வாங்கு. எரிபொருள், சீட்டுத் துணி, வயரிங் மூன்றுக்கும் அது பொருந்தும். பிசி (BC) என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம், சீட்டு நெருப்புக்கு அது சரிவராது. கார்பன் டயொக்சைட் வாயுக் கருவி, பவுடர் மாதிரி அழுக்கு வைக்காது, ஆனால் வாயு நம் மலைக் காற்றில் நிமிசத்தில் கலைந்துவிடும். பெட்ரோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது, நெருப்பு பரவும்.

ஒரு கிலோ பவுடர் ஏறக்குறைய 10 வினாடியில் தீர்ந்துவிடும். ஆட்களை ஏற்றி ஓடுகிற வேனுக்கு இரண்டு கிலோ எடு, விலையைப் பார்க்காதே. அழுத்தம் காட்டும் மீட்டர் உள்ளதா, முள் பச்சையில் நிற்கிறதா என்று கடையிலேயே பார். இரும்புப் பிடியோடு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பூட்டு. சும்மா போட்டால் பிரேக் போடும்போது உருண்டு மிதிகளுக்கு அடியில் போய்விடும், அது நெருப்பைவிட ஆபத்து. பவுடர் இறுகாமல் இருக்க மாதம் ஒரு தரம் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, அடியில் கையால் தட்டு. கொஞ்சம் பவுடர் அடித்துப் பார்த்தாலும் உடனே திரும்ப நிரப்ப வேண்டும். வால்வில் பவுடர் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்துபோகும்.

பொனட்டில் புகை வந்தால் முதலில் எஞ்சினை நிறுத்து, ஆட்களை இறக்கித் தள்ளி நிற்க வை, தீயணைப்புப் படைக்கு 110இல் கோல் எடு. பொனட்டை முழுசாகத் திறக்காதே, காற்றுப் பட்டதும் நெருப்பு முகத்துக்கு வரும். ஒரு விரல் அளவு தூக்கி அந்த இடுக்கு வழியாகப் பவுடரை அடி. அடங்காவிட்டால் விட்டுவிட்டு விலகு. உன் மச்சினனின் ஹைபிரிட் காரில் பட்டரி பற்றிக்கொண்டால் இந்தப் பவுடர் ஒன்றும் செய்யாது, தூரப் போகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைக்கு வருகிறேன். அதற்குள் வாங்கிவிட்டால், பிடியை இரண்டு பேருமாகச் சேர்ந்து பூட்டிவிடலாம். துளை போட டிரில் என்னிடம் இருக்கிறது.

உன் பழைய கூட்டாளி