இலுப்பை விதையும் எங்கள் தெருப் புங்கமரமும்

காட்பாடி,
சித்திரை 19

அன்புள்ள செல்வராஜ்,

பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீடே மகிழ்ந்தது. வர முடியாமல் போனதற்கு மன்னித்துவிடு. மரகதத்துக்கு மூட்டுவலி இன்னும் தீரவில்லை.

இங்கே கத்திரி பிறக்கும் முன்பே வெயில் வாட்டுகிறது. வேலூருக்கு வெயில் புதிதில்லை, சுற்றிலும் பாறை மலைகள். ஆனால் அந்தக் காலத்தில் ராத்திரி திண்ணையில் படுத்தால் தூக்கம் வரும். இப்போது பகலில் சிமென்ட்டும் தாரும் குடித்த வெயிலை விடியும்வரை கக்குகின்றன. இலை வழியாக நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்க மரங்களும் இல்லை. நாம் பஸ்ஸில் ஆற்காடு போகும்போது இருபுறமும் நின்ற புளியமரங்கள் நினைவிருக்கிறதா? பட்டை அடித்து எண் எழுதியிருப்பார்களே. சாலையை அகலப்படுத்தியதில் அவை போயின. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த சத்துவாச்சாரியில் நாம் வரப்பில் நடந்த இடமெல்லாம் இப்போது மாடி வீடுகள்.

வெட்டிய மரத்துக்காவது நாலு பேர் வருத்தப்படுகிறார்கள். வெட்டாமலே சாகிற மரத்தை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் தெருமுனைப் புங்கமரம் உனக்குத் தெரியும். தெருவுக்குச் சிமென்ட் போட்டவர்கள் அதன் அடிமரத்தை ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல் பூசிவிட்டுப் போனார்கள். இரண்டு வருடத்தில் உச்சிக் கிளைகள் பட்டுப்போயின. இந்தப் பங்குனியில் வந்த தளிரும் சிறுத்து, ஓரம் கருகியிருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. வார்டு அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கி, பக்கத்து வீட்டுப் பையனோடு கடப்பாரை எடுத்தேன். மூன்றடிச் சதுரம் பெயர்க்க அரை நாள் ஆனது. அடியில் மண் செங்கல்போல இறுகிக் கிடந்தது. சிமென்ட்டின் அடிவயிற்றை ஒட்டியே வெள்ளை வேர்கள் சாக்கடைப் பக்கமாக ஓடியிருந்தன, ஈரத்தைத் தேடி. முதல் குடம் தண்ணீர் உள்ளே இறங்காமல் வெகுநேரம் நின்றது.

நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடிக்குள்தான் இருக்கிறது. அதற்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் வாயை அடைத்துவிட்டு மேலே எத்தனை மரம் நட்டோம் என்று கணக்கு எழுதி என்ன பயன்? நட்டதில் எத்தனை மூன்றாவது கோடையைத் தாண்டியது என்று எழுதட்டும்.

பாலாற்றுப் பாலத்தில் நின்றால் பச்சைப்பசேல் என்றுதான் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் பாதிக்குமேல் சீமைக்கருவேலம். நாணலும் நீர்மருதும் இருந்த ஆறு அது. தூரத்துப் பச்சையை நம்பாமல் இருக்க இப்போதுதான் பழகுகிறேன்.

புங்கமரத்துக்கு நாள் தவறாமல் இரண்டு குடம் ஊற்றுகிறேன். நேற்று தாழ்ந்த கிளையில், கறுப்புப் பட்டையைப் பிளந்துகொண்டு நகக்கண் அளவு தளிர் வந்திருக்கிறது. மரகதத்தைக் கைபிடித்து அழைத்துப்போய்க் காட்டினேன்.

ஒரு வேண்டுகோள். 1989-இல் மாவட்டம் பிரிந்து உன் திருவண்ணாமலை வேறு, என் வேலூர் வேறு ஆனாலும் மண் ஒன்றுதான். உன் நிலத்து இலுப்பை பழுத்ததும் எனக்கு விதை வேண்டும். நம் பள்ளிக்குப் பின்னால் மின்கம்பி போகாத இடம் ஒன்று இருக்கிறது, தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன். இலுப்பை விதை காய்ந்தால் முளைக்காது, உதிர்ந்த சில நாளிலேயே ஊன்றிவிட வேண்டும். அதனால் தபாலில் அனுப்பாதே. ஈரத்துணியில் சுற்றி நீயே எடுத்து வா. இரண்டு நாள் தங்குவதுபோல வா.

அன்புடன்,
உன் கோவிந்தன்