ஃபார்மட் செய்யுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள், கோயில் கல்வெட்டுகளைப் படமெடுத்துச் சேர்ப்பவர்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகளின் குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்தும் பெற்றோர் என்று தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை நம்பியிருப்போர் ஏராளம். லேப்டாப்பில் செருகினால் வருகிறது, சற்று நேரத்தில் போய்விடுகிறது, காப்பி பாதியில் அறுகிறது என்று கடைக்கு எடுத்துப்போனால், "டிஸ்க் போச்சு, ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்" என்கிறார்கள். இப்படி விட்டுவிட்டு வரும் டிஸ்க்கில் பலமுறை பழுது டிஸ்க்கிலேயே இருப்பதில்லை. கேபிளிலோ போர்ட்டிலோ கரண்ட்டிலோதான் இருக்கிறது. ஃபார்மட் செய்தால் அந்தப் பழுது அப்படியே இருக்கும், படங்கள்தான் போகும்.

முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். கையடக்க டிஸ்க்குகளில் நிறைய மாடல்களுக்கு மைக்ரோ பி என்ற கேபிள்தான் வருகிறது. தட்டையாக, நடுவில் ஒரு வெட்டு விழுந்த அகலமான தலை. அதைப் பிடித்துக்கொள்ள உறுதியான பூட்டு கிடையாது. டிஸ்க்கை மேசை ஓரத்தில் தொங்கவிட்டாலும், கேபிளோடு சுற்றிப் பையில் திணித்தாலும் தலையை ஒட்டிய இடத்தில் உள்கம்பி முறியும். வெளியுறை முழுசாக இருப்பதால் பார்த்தால் தெரியாது. எதுவும் காப்பி ஆகாத நேரத்தில், டிஸ்க்கை அசைக்காமல் கேபிளின் கழுத்தை மட்டும் லேசாக நகர்த்துங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் கேபிள் போய்விட்டது, அல்லது டிஸ்க்கில் உள்ள சாக்கெட்டின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. வேறு கேபிள் போட்டால் எது என்று தெரிந்துவிடும்.

காப்பி ஆகும் வேகமும் துப்புக் கொடுக்கும். யூ.எஸ்.பி. 3.0 டிஸ்க் நல்ல நிலையில் பெரிய வீடியோ ஃபைலை வினாடிக்கு 100 எம்.பி. அளவில் எழுதும். அது 30, 40 எம்.பி.யிலேயே நின்றால், 3.0க்கான கூடுதல் கம்பிகள் தொடவில்லை, இணைப்பு பழைய, மெதுவான 2.0 ஆக இறங்கிவிட்டது என்று பொருள். தலையை முழுதாக அழுத்திச் செருகாவிட்டாலும் இப்படி ஆகும். டைப் சி டிஸ்க்காக இருந்தால் போன் சார்ஜர் கேபிளைப் போடாதீர்கள். சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. விளக்கு எரியும், லேப்டாப்புக்கு டிஸ்க் தெரியாது.

அடுத்தது கரண்ட். 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது, லேப்டாப் போர்ட்டே கரண்ட் கொடுக்க வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் தர வேண்டும் என்பது விதி. டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில வினாடியில் 1 ஆம்பியர் வரைகூட இழுக்கும். போதாவிட்டால் சுழன்று, 'டிக்' என்று நின்று, மறுபடி சுழலும். காதைப் பக்கத்தில் வைத்தால் கேட்கும். இதைத்தான் பலர் 'டிஸ்க் செத்த சத்தம்' என்று நினைத்துவிடுகிறார்கள். நீளக் கேபிளில் வோல்டேஜ் இறங்கும். அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் அடாப்டர் இல்லாததாக இருந்தால், அதில் மவுஸ், பென்டிரைவ், டிஸ்க் எல்லாம் ஒரே கரண்ட்டைப் பங்கு போடும். டிஸ்க்கை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். பழைய லேப்டாப்பாக இருந்தால் சொந்த அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். ஒரு பக்கப் போர்ட்டில் அறுந்தால் எதிர்ப்பக்கத்தில் போட்டுப் பார்க்கவும்: பல லேப்டாப்பில் ஒரு பக்கப் போர்ட்டுகள் சின்னத் தனி போர்டில் இருக்கும், அதை மதர்போர்டோடு இணைக்கும் பட்டைக் கேபிள் தளர்ந்துபோகும். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அறுந்தால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதில் நன்றாக ஓடினால் சார்ஜரையும் பிளக் பாயின்ட்டின் எர்த்தையும் சோதிக்க வேண்டும்.

12 வோல்ட் அடாப்டரோடு வரும் 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்கில் நம் ஊர்க் கரண்ட் கட் தனித் தொல்லை. மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், டிஸ்க் மட்டும் எழுதும் நடுவிலேயே நிற்கும். அந்த அடாப்டரை யு.பி.எஸ்.ஸில்தான் போட வேண்டும். அடாப்டரை மாற்றினால் வோல்ட்டும் பின்னின் பிளஸ் மைனஸும் அதேபோல இருக்கட்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், நாகை, வேதாரண்யம் போன்ற கடலோரத்தின் உப்புக் காற்றிலும் போர்ட்டின் தகடுகளில் களிம்பு ஏறும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, கால் மணி நேரம் காயவிடவும். சானிடைசர், தின்னர், ஊசி மூன்றும் கூடாது.

விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துங்கள். சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. சாதனத்தைத் தூங்கவைக்கும் வசதி அது. சும்மா இருந்த பிறகு மட்டும் டிஸ்க் காணாமல் போனால் இது பெரும்பாலும் போதும்.

டிஸ்க்கே கெட்டதா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸ் தன்னில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 157 என்ற எண் இருந்தால், டிஸ்க் திடீரென்று இணைப்பிலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள். மேலே சொன்னவற்றைப் பாருங்கள். 7 என்ற எண் இருந்தால் டிஸ்க்கிலேயே கெட்ட இடம் உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 வரிசைகளின் (டிஸ்க்கில் கெட்டுப்போன, படிக்க முடியாத இடங்களின் கணக்கு) கச்சா மதிப்பு 0 ஆக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக் டிஸ்க்கை ஓட்டுவது ஆபத்து. நலிந்த டிஸ்க்கை அது முழுக்கப் படிக்க வைக்கும், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கோப்பு அட்டவணையையும் திருத்தி எழுதும். அவசியமான படங்களை முதலில் வேறு இடத்துக்கு எடுங்கள். 'பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்யவும்' என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுத்துவிட்டு, நல்ல கேபிளில், வேறு லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் பாதியில் அறுந்தால் அட்டவணை கலைய வாய்ப்பு அதிகம், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் அதில் இல்லை. எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள் ஜர்னல் உள்ள என்.டி.எஃப்.எஸ். முறையை வைத்துக்கொள்வது நல்லது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோதனைக்கென்று நல்ல மைக்ரோ பி கேபிள் ஒன்று, டைப் சி கேபிள் ஒன்று, அடாப்டர் உள்ள ஹப் ஒன்று கடையில் தனியாக இருக்கட்டும். வரும் டிஸ்க்கை முதலில் அவற்றில் போட்டுப் பாருங்கள். 05, சி5, சி6 மதிப்புகளை ரசீதில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் எழுதிக் கையெழுத்திடாமல் எந்த டிஸ்க்கையும் ஃபார்மட் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுது நீக்குவோர் இருவர்,
கும்பகோணம்