சியாங் அணை: கல்லுக்கு அடியிலும் தேட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அருணாசலப் பிரதேசத்தின் சியாங் ஆற்றில் திட்டமிடப்பட்டுள்ள சுமார் 11,000 மெகாவாட் அணையைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, எல்லைக்கு அப்பால் சீனா கட்டும் அணை, வெள்ள அபாயம், ஊரை விட்டுப் போக மறுக்கும் ‘ஆதி’ என்ற பழங்குடி மக்கள் என்று பலவற்றைப் பேசியது. விட்டுப்போன ஒன்றுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் இதுவரை அறியப்பட்ட ஒரே வெல்வெட் புழு இனமான டைஃப்ளோபெரிபேட்டஸ் வில்லியம்சோனி வாழ்வது அந்தப் பள்ளத்தாக்கில்தான்.

1911-ல் ஆங்கிலேயர் ஆதி மக்கள்மீது படையெடுத்தபோது உடன் போன விலங்கியலாளர் ஸ்டான்லி கெம்ப் இதைக் கண்டெடுத்தார். பிறகு நூறாண்டுக்கும் மேலாக எந்த ஆய்வாளர் கையிலும் சிக்கவில்லை. பெங்களூருவின் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தினர் அண்மையில்தான் சியாங் பள்ளத்தாக்கில் கல்லுக்கு அடியிலிருந்து மறுபடி எடுத்திருக்கிறார்கள்.

பார்வைக்குக் கம்பளிப்பூச்சி போல இருக்கும். ஆனால் பூச்சிகளுக்கும் சிலந்திகளுக்கும் நெருங்கிய உறவான தனித் தொகுதி இது. வாயருகே இருந்து பசையைப் பீய்ச்சி இரையை ஒட்டவைத்துப் பிடிக்கும். 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் ஊர்ந்த இவற்றின் உறவுகள் கனடாவின் பர்ஜெஸ் பாறைகளில் பதிந்துள்ளன. மியான்மரில் கிடைத்த ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழமையான அம்பருக்குள்ளும் (இறுகிக் கல்லான மரப்பிசின்) ஒரு வெல்வெட் புழு இருக்கிறது. இந்த வம்சம் எவ்வளவு பழமையானது என்பதற்கு அதுவே சான்று. அப்புறம், கெம்ப் கண்ட இனத்துக்கு வெளியே தெரியும் கண்கள்கூட இல்லை!

இதன் பலவீனம் மூச்சில் இருக்கிறது. உடல் முழுக்கச் சிறு மூச்சுத் துளைகள். பூச்சிகள் மூடிக்கொள்வது போல இவற்றால் அவற்றை மூடிக்கொள்ள முடியாது. காற்று கொஞ்சம் வறண்டாலும் உடலின் ஈரம் போய்விடும். அதனால் வறண்ட மேட்டைக் கடந்து அடுத்த ஓடைக்குப் போவது இவற்றுக்கு மிகக் கடினம். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஒரே இனம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டவை, மரபணுவை ஆராய்ந்தபோது பல இனங்களாகப் பிரிந்தன. சியாங்கின் இரு கரைகளிலும் இருப்பது ஒரே இனம்தானா என்பதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

மின்சாரமும் எல்லைப் பாதுகாப்பும் அவசியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுற்றுச்சூழல் ஆய்வு என்றால் பாலூட்டி, பறவை, மீன், மரம் என்று பட்டியல் போட்டு முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மழைக்காலத்தில் கல்லையும் மட்கிய மரத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினால்தான் இந்த உயிர் கண்ணில் படும். அணை நீர் எதுவரை ஏறும், இவை எந்த உயரம்வரை வாழ்கின்றன என்ற இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகே அனுமதி பற்றிப் பேச வேண்டும். பிடித்து வேறு இடத்தில் விட்டுவிடலாம் என்ற பதிலை ஏற்கவே கூடாது. அதற்கு ஏற்ற ஈரமும் இரையும் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டட்டும்.

அந்தத் தேடலில் ஆதி கிராமத்தார் உடன் இருக்க வேண்டும். அங்குள்ள ஓடைகளும் சரிவுகளும் அவர்களுக்குத்தான் தெரியும். தங்கள் நிருபர் அடுத்த முறை சியாங் போகும்போது, ஆய்வுப் பட்டியலில் முதுகெலும்பில்லா உயிர்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டு எழுதும்படி வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தென்காசி.