செயலாளரின் ஆண்டறிக்கை: பின்பனிக் காலத்தில் வீட்டுக்குள் எந்த விதையை முளைக்கப் போடுவது?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் வீட்டுத்தோட்டம் செய்யும் எம்மவர்களுக்கான இச்சங்கத்தின் பொங்கல் விழாவும் கோடைகால ஒன்றுகூடலும் வழமைபோல் நடைபெற்றன. வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். ஆகவே, அங்கத்தவர்கள் ஆண்டு முழுவதும் அதிகம் கேட்ட கேள்வியைப் பற்றியே இங்கு விரிவாக எழுதுகிறேன்: வெளியே பனி கிடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வீட்டுக்குள் எவற்றின் விதையைப் போடுவது, எவற்றைப் பொறுத்திருந்து போடுவது?

ரொறன்ரோவில் வசந்தகாலத்தின் கடைசி உறைபனி பெரும்பாலும் மே மாத முற்பாதியில் முடிந்துவிடும். ஆயினும் மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை கழிந்த பின்னரே சூட்டுப் பயிர்களை நிலத்தில் நடுவது இங்குள்ளோர் வழக்கம். ஒக்ரோபரில் உறைபனி மீண்டும் வந்துவிடும். இந்த நாலரை மாதங்களுக்குள் விதையிலிருந்து காய்க்கு வர முடியாத பயிருக்குத்தான் வீட்டுக்குள் முன்கூட்டியே வயது ஏற்ற வேண்டும் என்பதே குழு இவ்வாண்டு கடைப்பிடித்த அளவுகோல். இடமும் வெளிச்சமும் மட்டுப்பட்டவை என்பதால், ஆசைப்பட்ட அனைத்தையும் பெப்ரவரியிலேயே போட்டுவிட இயலாது.

அந்த அளவுகோலின்படி முதலிடம் மிளகாய்க்கும் கத்தரிக்கும் உரியது. இரண்டும் நடுகைக்கு 10 முதல் 12 வாரங்களுக்கு முன்னரே விதைக்கப்பட வேண்டியவை. அதாவது பெப்ரவரிக் கடைசியில் அல்லது மார்ச் முற்பகுதியில். மிளகாய் விதை முளைப்பதற்கு மண்ணில் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். குளிர்ந்த நிலக்கீழ் அறையில் மூன்று வாரம் ஆகியும் முளை காட்டாத விதை, நாற்றுத்தட்டின் அடியில் வெப்ப விரிப்பை இட்டால் ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களுக்குள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வருகிறது. முளைத்தவுடன் வெப்பத்தைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். யன்னலோரத்துப் பெப்ரவரி வெயிலை நம்பி வைத்த கன்று, நூல் போல் நீண்டு கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். அதே கன்று, தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்ட எல்ஈடி விளக்கின் கீழ், நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சத்தில், குட்டையாகவும் தண்டு தடித்தும் நிற்கும். நீரை மேலிருந்து ஊற்றாமல் தட்டின் அடியிலிருந்து உறிஞ்சவிடுவதும், புதிய விதைக் கலவையைப் பயன்படுத்துவதும் நாற்றழுகலைப் பெருமளவு தடுக்கும்.

தக்காளிக்கு 6 முதல் 8 வாரங்கள் போதும். மார்ச் கடைசியே சரியான காலம். அதற்கு முன் போட்டால் தொட்டிக்குள்ளேயே பூத்து, வேர் சுற்றி, நட்ட பின்னர் வாரக்கணக்கில் திகைத்து நிற்கும்.

பாகல், புடோல், பீர்க்கு ஆகியவை குறித்துத்தான் எங்கள் அங்கத்தவர்கள் மிகவும் அவசரப்படுகிறார்கள். ஊர்ப் பந்தலில் தொங்கிய புடலங்காயை நினைத்திருப்பவருக்கு அந்த அவசரம் இயல்பானதே. ஆனால் இக்கொடிகள் வேர் அசைவதைப் பொறுக்காதவை. நடுகைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்னர், ஏப்ரல் கடைசியில், ஒவ்வொரு விதையையும் தனித்தனிச் சாடியில் இட வேண்டும். பாகல் விதையின் கெட்டித்தோலை நகவெட்டியால் ஓரத்தில் சிறிது கிள்ளி, ஓர் இரவு இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து இடுவது நல்லது. வெண்டிக்கும் இதே காலம் பொருந்தும். பயிற்றையையும் கீரையையும் யூன் மாதம் நிலம் சூடேறிய பின் நேரடியாக விதைப்பதே நல்லது. அவற்றுக்கு வீட்டுக்குள் ஒரு தட்டைக்கூட ஒதுக்கத் தேவையில்லை.

சிறகவரையும், நாட்டு அவரையில் பல வகைகளும் வேறு காரணத்தால் ஏமாற்றுகின்றன. இவை பகல் குறுகினால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை; ரொறன்ரோவிலோ யூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 15½ மணி நேரம். கொடி வேலியெல்லாம் படர்ந்து, செப்டெம்பரில் பூவெடுத்து, பிஞ்சு பிடிக்கும் வேளையில் உறைபனியில் கருகுகிறது. பெப்ரவரியில் விதைத்தாலும் இது மாறாது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் வகை கிடைத்தாலொழிய இவற்றைத் தவிர்க்குமாறு குழு பரிந்துரைக்கிறது.

விதையின் மூலம் பற்றியும் கூற வேண்டும். ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் விதையை விமான நிலையத்தில் அறிவிப்பது கட்டாயம். அதற்குக் கனேடிய உணவு ஆய்வு முகமையின் இறக்குமதி விதிகள் உண்டு. அதைவிட, இங்கேயே முதலில் காய்த்த செடியிலிருந்து விதை எடுப்பதையே நான் பெரிதும் விரும்புகிறேன். கத்தரிக்காய் மஞ்சளாகி, அழுத்தினால் மெத்தென்று இருக்கும்வரை செடியிலேயே விட்டு விதை எடுக்கலாம். கலப்பினத்தில் எடுத்த விதை தாயைப் போல் வராது. மிளகாய் வகைகளை அருகருகே நட்டால் அவையும் கலந்துவிடும். பழைய விதையில் பத்து விதைகளை ஈரத்தாளில் சுற்றி முளைக்கவைத்துப் பார்த்த பின்னரே தட்டில் இட வேண்டும்.

இவற்றின் அடிப்படையில் விதைப் பொட்டலங்களை ஒரே நாளில் வழங்காமல் மூன்று தவணைகளில் வழங்கத் தொடங்கியுள்ளோம்: மிளகாயும் கத்தரியும் பெப்ரவரிக் கடைசியில், தக்காளி மார்ச் கடைசியில், கொடிகளும் வெண்டியும் ஏப்ரல் கடைசியில். கையில் இருக்கும் விதையைப் போடாமல் இருப்பது எவருக்கும் கடினம் என்பதால் இம்முறை தொடர வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் விளக்குத்தட்டு வைக்க வசதியில்லாத மூத்த அங்கத்தவர்களுக்காகப் பொதுவான விளக்குத்தட்டு ஒன்றை வாங்கி, அதில் மிளகாய், கத்தரிக் கன்றுகளை மட்டும் வளர்த்து, மே மாதம் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வெளிக்காற்றுக்குப் பழக்கிய பின் வழங்கவும் குழு முன்மொழிகிறது.

இம்முன்மொழிவையும் இவ்வறிக்கையையும் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்