ஆட்டோ மீட்டர் கட்டணத்தைப் பெட்ரோல் விலையோடு இணைக்கக் கோரும் மனு

நாள்: 17.11.2025
இடம்: சென்னை

அனுப்புநர்:
பெட்ரோல், கேஸ் ஆட்டோ ஓட்டுநர்கள்,
சென்னை மாநகரம்.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: ஆட்டோ கட்டணத்தைத் திருத்துதல், அதன் எரிபொருள் பங்கை மாதந்தோறும் தானாக ஏறி இறங்கும்படி வரையறுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இப்போது நடப்பில் உள்ள அரசு கட்டணம் 2013 ஆகஸ்ட் 25 அன்று வந்தது. முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய், காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு 3.50 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. அப்போது சென்னையில் பெட்ரோல் 75 ரூபாய் அளவில் இருந்தது. இன்று 100 ரூபாய்க்கு மேல். 2017 ஜூன் 16 முதல் பெட்ரோல் விலையைத் தினமும் காலை 6 மணிக்கு மாற்றலாம் என்று ஆகிவிட்டது. தினம் மாறக்கூடிய செலவையும் 12 ஆண்டாக மாறாத வரவையும் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறோம். ‘மீட்டருக்கு மேல எவ்வளவு?’ என்று சவாரி ஏறும்போதே தொடங்கும் பேரத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஓட்டுநர் பேராசை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

கணக்கை மறைக்காமல் வைக்கிறோம். நகர நெரிசலில் பெட்ரோல் ஆட்டோ லிட்டருக்குச் சுமார் 25 கி.மீ. தரும். 100 கி.மீ. ஓட 4 லிட்டர். அதில் சவாரி தேடியும், இறக்கிவிட்டுத் திரும்பியும் காலியாக ஓடுவது 35 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், காசு வருவது 65 கி.மீ.க்குத்தான். ஆகவே லிட்டருக்கு 1 ரூபாய் ஏறினால் 65 கி.மீ.க்கு 4 ரூபாய், அதாவது சவாரி கி.மீ.க்கு 6 காசு சொச்சம் கூடுகிறது. 4 ரூபாய் ஏறினால் ஏறத்தாழ 25 காசு. இதன்படி 2013 முதல் இன்றுவரை பெட்ரோலுக்காக மட்டும் கூட வேண்டியது கி.மீ.க்கு 1.60 ரூபாய்தான். மீதிச் சுமை இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), டயர், உதிரிபாகம், வாடகை வண்டிக்கு நாள் வாடகை என்று வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ‘பெட்ரோல் ஏறிவிட்டது’ என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்வது எங்கள் தரப்பிலும் நடக்கும் தவறு. அதனால்தான் இரண்டையும் பிரித்துக் கேட்கிறோம்.

முதலாவது, அடிப்படைக் கட்டணம். பெங்களூரில் 2025 ஆகஸ்ட் 1 முதல் முதல் 2 கி.மீ.க்கு 36 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 18 ரூபாய். மும்பையில் 2025 பிப்ரவரி முதல் 1.5 கி.மீ.க்கு 26 ரூபாய். இவற்றையும் சென்னையின் செலவுகளையும் பார்த்து, தொழிற்சங்கங்களையும் பயணிகள் தரப்பையும் அழைத்துப் பேசி, மோட்டார் வாகனச் சட்டம் 67ஆம் பிரிவின்படி அரசு அறிவிக்கப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். காத்திருப்புக் கட்டணம் மணிக்கு 42 ரூபாய்தான் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவதுதான் இந்த மனுவின் உயிர். கட்டணம் அறிவிக்கும் நாளின் சென்னைப் பெட்ரோல் விலையை அடிப்படை விலையாக ஆணையிலேயே குறித்துவிட வேண்டும். ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தின் சராசரி விலையை எடுத்து, அடிப்படையைவிடக் கூடியிருக்கும் ஒவ்வொரு முழு 4 ரூபாய்க்கும் கி.மீ.க்கு 25 காசு கூட்டவும், குறைந்திருந்தால் அதே அளவு குறைக்கவும் வேண்டும். குறைப்புக்கும் நாங்கள் கட்டுப்படுகிறோம். ஒரு நாள் விலையை எடுத்தால் ஏற்ற இறக்கத்தில் மாட்டிக்கொள்வோம். மூன்று மாதச் சராசரி என்றால் ஏற்றத்தை ஓட்டுநர் சுமந்து முடித்த பிறகே கட்டணம் நகரும்.

2022ஐ வைத்துச் சோதித்துப் பாருங்கள். 137 நாள் அசையாமல் இருந்த விலை, மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரையிலான 16 நாளில் 14 முறை ஏறியது. சென்னையில் 101.40 ரூபாய் 110.85 ஆனது. மே 22 அன்று ஒன்றிய வரிக் குறைப்பால் 102.63க்கு இறங்கியது. 101.40ஐ அடிப்படை விலையாக வைத்து மேற்சொன்ன முறை அப்போது இருந்திருந்தால் மே 1 அன்று 50 காசு கூடியிருக்கும், ஜூனில் அது 25 காசாகியிருக்கும், ஜூலை 1 அன்று பழைய கட்டணமே திரும்பியிருக்கும். 6 கி.மீ. சவாரிக்குப் பயணி கூடுதலாகத் தந்திருக்க வேண்டியது, மே மாதத்தில்கூட 2 ரூபாய் சொச்சம். குறைந்தபட்சக் கட்டணத்தை இந்த மாற்றத்தில் தொட வேண்டாம். சில்லறைத் தகராறைவிட அந்த இழப்பு மேல்.

நடைமுறையில் எங்கே சிக்கும் என்பதும் தெரியும். கட்டணம் மாறினால் மீட்டரைத் திறந்து திருத்தி, சட்டமுறை எடையளவுப் பிரிவில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு நாள் வருமானம் போகும். மாதந்தோறும் இது ஆகாது. எனவே மீட்டரில் அடிப்படைக் கட்டணம் மட்டும் இருக்கட்டும். 25, 50, 75 காசு மாற்றங்களுக்குக் கி.மீ. வாரியாகத் தொகை போட்ட அட்டையைத் துறையே அச்சிட்டு, பயணி கண்ணில் படும்படி ஓட்டுநர் இருக்கையின் பின்னால் ஒட்டச் செய்யலாம். அந்த மாதம் எந்த வரிசை பொருந்தும் என்பதைத் துறை இணையதளத்தில் 1ஆம் தேதி வெளியிட்டால் போதும். கேஸ் ஆட்டோக்களுக்குத் தனி அட்டை வேண்டாம். பயணி இரண்டு கட்டணத்தைக் கண்டால் இரண்டையும் நம்பமாட்டார்.

ஒன்றை மட்டும் உரிய துறைக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் அனுப்பிவைக்கக் கோருகிறோம். மழைக்காலத்தில் பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் இறங்கினால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் எத்தனால் நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அதைப் போட்ட வண்டி சற்று தூரத்தில் நின்றுவிடும். வண்டியின் தொட்டியை வடித்து, கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ சுத்தம் செய்தால்தான் நகரும். கனமழைக்கு மறுநாள் விற்பனை தொடங்கும் முன் நிலத்தடித் தொட்டிக்குள் விடும் அளவுகோலில் நீர் காட்டும் பசை தடவிப் பார்த்து, முடிவைப் பலகையில் எழுதச் சொல்ல வேண்டும்.

எங்கள் சார்பில் பேச ஐந்து பேருக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கணக்குத் தாள்களுடன் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆட்டோ ஓட்டுநர்கள், சென்னை.

இணைப்பு: மாத வாரியான கட்டண மாற்ற அட்டை மாதிரி – 1, ஓட்டுநர்கள் கையொப்பத் தாள்கள்.